போகுஸ்வாஃப் லிண்டாவின் படங்களைப் பார்க்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலந்தில் நடிகர் போகுஸ்வாஃப் லிண்டா என்று சொன்னதும் கேட்பவர் மனதில் எழுவது ஒரு முரட்டு உருவம். இறுகிய முகம், கையில் துப்பாக்கி, வேண்டாவெறுப்பாக உதிரும் இரண்டு சொற்கள். 1992இல் வெளியான ‘ப்ஸி’ (நாய்கள்) என்ற படம்தான் அந்த உருவத்தை நாடு முழுவதும் நிலைநிறுத்தியது. ஆங்கிலப் பட்டியல்களில் இது ‘பிக்ஸ்’ என்ற பெயரில் இருக்கும். புதிதாக அவரைத் தேடுபவர்களில் பெரும்பாலோர் இந்தப் படத்தில் தொடங்குகிறார்கள். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ‘ப்ஸி’ வந்தபோது லிண்டாவுக்கு வயது நாற்பது. அதற்கு முன்பே வாய்தா, கியெஷ்லோவ்ஸ்கி, அக்னீஷ்கா ஹாலண்ட் ஆகிய மூன்று போலந்து இயக்குநர்களின் படங்களிலும் அவர் நடித்துவிட்டார். அந்தப் பத்தாண்டுகளைத் தாண்டிக் குதித்தால், முரட்டு நாயகன் எதிலிருந்து உருவானான் என்பது புரியவே புரியாது.

வெளியான ஆண்டை நம்புவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். இணையத்தில் உள்ள பட்டியலைத் திறந்தால் கியெஷ்லோவ்ஸ்கியின் ‘பிளைண்ட் சான்ஸ்’ 1987 என்று இருக்கும். யானுஷ் சவோர்ஸ்கியின் ‘மதர் ஆஃப் கிங்ஸ்’ படமும் 1987. இவற்றைப் பார்ப்பவர், எண்பதுகளின் பின்பகுதியில் திடீரென்று மேலே வந்த நடிகர் என்று முடிவு கட்டுவார். உண்மையில் முதல் படம் எடுக்கப்பட்டது 1981இல், இரண்டாவது 1982இல். அக்னீஷ்கா ஹாலண்டின் ‘எ வுமன் அலோன்’ படமும் 1981இல் எடுத்ததுதான். அதுவும் பல ஆண்டுகள் திரைக்கு வரவில்லை.

1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிராகச் சாலிடாரிட்டி தொழிற்சங்கம் எழுந்துநின்ற பதினாறு மாத காலத்தில், தணிக்கை சற்றே தளர்ந்திருந்தபோது எடுக்கப்பட்ட படங்கள் ஒரே நாளில் ஆபத்தான பொருள்களாயின. அவற்றை எரிக்கவில்லை, பூட்டிவைத்தார்கள். இப்படிக் கிடப்பில் போடப்பட்டவற்றைப் போலந்துக்காரர்கள் அலமாரிப் படங்கள் என்றே அழைக்கிறார்கள். அந்த அலமாரிக்குள் மேலே சொன்ன மூன்றின் வழியாக லிண்டாவின் இளமையும் அடைபட்டது. இருபதுகளின் இறுதியில் அவர் நடித்த வேடங்களை மக்கள் பார்க்கும்போது அவருக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டது. ஒரு நடிகருக்கு இதைவிடக் கொடுமையான தண்டனை என்ன இருக்க முடியும்? எனவே அவர் படங்களை எடுத்த ஆண்டின் வரிசையில் பாருங்கள். டொருனில் 1952இல் பிறந்து, கிராகோவின் நாடகப் பள்ளியில் 1975இல் படிப்பை முடித்த இளைஞர் எந்தச் சூழலில் திரைக்கு வந்தார் என்பது அப்போதுதான் தெளிவாகும்.

‘பிளைண்ட் சான்ஸ்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வித்தேக் என்ற மருத்துவ மாணவன், வூச் நகர ரயில் நிலையத்தில் புறப்பட்டுவிட்ட ரயிலைத் துரத்தி ஓடுகிறான். ஒரு முறை ரயிலைப் பிடித்துக் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் போகிறான். இன்னொரு முறை நிலையக் காவலரோடு மோதி, பிறகு தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்கிறான். மூன்றாவது முறை ரயிலை விட்டுவிட்டு, அரசியலே வேண்டாம் என்று மருத்துவனாக வாழ்கிறான். மூன்றிலும் அவன் நல்லவன். மூன்றிலும் அதே தயக்கம், அதே நேர்மை, அதே பதற்றம். மூன்று வாழ்க்கைகளிலும் ஒரே மனிதன் இருக்கிறான் என்று நம்மை நம்பவைப்பது லிண்டாவின் முகம்தான். இந்தப் படத்தைப் பார்க்காமல் அவரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

பிறவியிலேயே முரடன் என்று நினைப்பது

‘எ வுமன் அலோன்’ படத்தில் அவர் யாட்செக். சுரங்க விபத்தில் ஊனமுற்று, நொண்டி நடக்கும் இளைஞன். தன்னைவிட மூத்தவளான ஒரு தபால்காரப் பெண்ணிடம் நாய்க்குட்டிபோல ஒட்டிக்கொள்கிறான். அந்தப் பாசம் எப்படி முடிகிறது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்தவர்கள் லிண்டாவை வெறும் அடிதடி நடிகர் என்று பேச மாட்டார்கள். ‘மதர் ஆஃப் கிங்ஸ்’ படத்தில் ஸ்டாலின் காலத்துச் சிறையில், தான் நம்பிய கட்சியாலேயே வதைக்கப்படும் மகன். வாய்தாவின் ‘டான்டன்’ (1983) படத்தில் பிரெஞ்சுப் புரட்சியின் கடும்போக்குத் தலைவர் ரோபெஸ்பியரின் வலதுகரமான செயின்ட் ஜஸ்ட். ரோபெஸ்பியரின் அணியில் போலந்து நடிகர்களையும் அவரை எதிர்த்த டான்டனின் அணியில் பிரெஞ்சு நடிகர்களையும் வாய்தா நிறுத்தினார். பாரிஸின் கதை வழியாக வார்சாவின் கதையும் பேசப்பட்டது அப்படித்தான்.

அடுத்து, கியெஷ்லோவ்ஸ்கியின் பத்துக் கட்டளைகள் தொடரில் ஏழாவது படம். அதில் அவர், பதினாறு வயது மாணவியைத் தாயாக்கிய முன்னாள் ஆசிரியர். எழுத்தாளனாகும் கனவைக் கைவிட்டு, பொம்மைக் கரடிகள் செய்து பிழைக்கிறார். ‘ப்ஸி’க்கு நான்கே ஆண்டுகளுக்கு முன்பு, நாட்டின் வருங்கால முரட்டு நாயகன் பஞ்சுக் கரடிகளுக்கு நடுவே கையாலாகாமல் உட்கார்ந்திருக்கிறார்! பின்னால் துப்பாக்கி ஏந்தும் லிண்டாவிடம் உள்ள களைப்பு இந்த மனிதர்களிடமிருந்துதான் வந்தது.

‘ப்ஸி’யை வெறும் ஆக்‌ஷன் படமாகப் பார்ப்பது

கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்தபின், 1990இல் போலந்தின் ரகசியக் காவல் துறை கலைக்கப்பட்டது. அதன் அதிகாரிகள் தகுதிச் சோதனைக் குழுக்கள் முன் நிறுத்தப்பட்டார்கள். தேறியவர்களுக்குப் புதிய அரசின் காவல் பணிகளில் இடம் உண்டு; தேறாதவர்கள் தெருவில். இந்தப் பின்னணி தெரியாமல் படத்தைப் போட்டால் முதல் அரை மணி நேரம் குழப்பமாகவே இருக்கும். லிண்டா நடிக்கும் ஃபிரான்ஸ் மவுரர் அந்தத் துறையின் ஆள். அவர் காவல் துறைக்குள் போகிறார். நெருங்கிய நண்பன் ஓலோ (மாரெக் கோண்ட்ராட்) குற்றக் கும்பலின் பக்கம் போகிறான். பழைய கோப்புகள் குப்பைமேட்டில் எரிகின்றன.

படத்தில் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய காட்சி ஒன்று உண்டு. குடித்து மயங்கிய சகாவை ரகசியக் காவலர்கள் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு, யானேக் விஷ்னியெவ்ஸ்கியைப் பற்றிய பாட்டைப் பாடியபடி நடப்பார்கள். 1970 டிசம்பரில் க்டீனியா நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட இளைஞனின் உடலைத் தொழிலாளர்கள் ஒரு கதவின்மேல் கிடத்தி ஊர்வலமாகச் சுமந்தார்கள். அவன் உண்மைப் பெயர் தெரியாத நிலையில் எழுதப்பட்ட அஞ்சலிப் பாடல் அது. 1981இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வென்ற வாய்தாவின் ‘மேன் ஆஃப் அயர்ன்’ படத்திலும் அது ஒலிக்கிறது. புனிதமாகக் கருதப்பட்ட அந்தக் காட்சியை இயக்குநர் வ்வாடிஸ்வாஃப் பாஷிகோவ்ஸ்கி தலைகீழாக்கியபோது பழைய தலைமுறை கொதித்தது. இளைஞர்கள் திரையரங்குகளை நிறைத்தார்கள். அதே ‘மேன் ஆஃப் அயர்ன்’ படத்தில் வானொலித் தொழில்நுட்பராக ஒரு வேடத்தில் நடித்தவர் லிண்டா. இரு கரைகளிலும் அவர் நின்றிருக்கிறார் என்பது தெரிந்தால்தான் அந்தச் சர்ச்சையின் ஆழம் பிடிபடும்.

மவுரரை வழிபட வேண்டிய வீரனாக எடுத்துக்கொள்வதும் சரியல்ல. அவர் நட்பை இழக்கிறார், நேசித்த பெண்ணை இழக்கிறார், முடிவில் சிறைக்குப் போகிறார். படம் பெண்களை நடத்தும் விதத்தின் மீதான விமர்சனம் முழுக்க நியாயமானது. அதை மழுப்பத் தேவையில்லை. அந்தப் படத்தின் வசனங்கள் இன்றும் போலந்தின் அன்றாடப் பேச்சில் புழங்குகின்றன. வசனத்தின் மிடுக்கை எடுத்துக்கொண்டு மனிதனின் வீழ்ச்சியை மறந்த ரசிகர்கள் அங்கேயே ஏராளம்.

இன்னொரு சிறு எச்சரிக்கை: 1994இல் இரண்டாம் பாகமும் 2020இல் மூன்றாம் பாகமும் வந்தன. மூன்றாவதில் இருபத்தைந்து ஆண்டுச் சிறைவாசம் முடிந்து மவுரர் வெளியே வருகிறார். புதிதாகவும் எளிதாகவும் கிடைக்கிறதே என்று அதில் தொடங்காதீர்கள்.

தொண்ணூறுகளை ஒரே அச்சாகக் கருதுவது

பாஷிகோவ்ஸ்கியின் முதல் படமான ‘க்ரோல்’ (1991) தொடங்கி போஸ்னியப் போரின் பின்னணியில் வந்த ‘டெமன்ஸ் ஆஃப் வார்’ (1998) வரை லிண்டா அணிந்த சீருடைகள் பல. ஆனால் அவற்றுக்கு நடுவே, 1995இல், மாச்செய் ஷ்லெஷிட்ஸ்கியின் ‘டாட்டோ’ (அப்பா) இருக்கிறது. மனைவியின் மனநிலை குலைந்தபின் சிறு மகளின் பொறுப்புக்காக நீதிமன்றப் படியேறும் ஒளிப்பதிவாளர் வேடம். முரட்டுத்தனம் சட்டத்தின் முன் செல்லுபடியாகாத இடத்தில் அந்த ஆண் என்ன செய்வான் என்பதுதான் கதை. பின்னாளில், 2004இல், இந்த இயக்குநரோடு சேர்ந்துதான் வார்சாவில் ஒரு திரைப்படப் பள்ளியை லிண்டா நிறுவினார்.

இந்த முரட்டு உருவத்தை மிகக் கூர்மையாகப் பயன்படுத்தியவர் வாய்தா என்பேன். 1999இல் அவர் எடுத்த ‘பான் ததேயுஷ்’ போலந்தின் தேசிய காவியத்தின் திரைவடிவம். திரையரங்குகளில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதில் லிண்டாவுக்குக் கிடைத்தது யாட்செக் சொப்லிட்சா: இளமையில் வெறியாட்டம் ஆடி, கொலை செய்து, பிறகு துறவி அங்கிக்குள் தன்னை மறைத்துக்கொண்டு பாவத்தைக் கழுவுபவர். மரணப் படுக்கையில் அவர் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது, பார்வையாளர்கள் மவுரரையும் சேர்த்தே நினைத்திருப்பார்கள்.

2000க்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லை என்று நினைப்பது

இந்தக் கருத்தை ஒரே படம் உடைத்துவிடும். வாய்தாவின் கடைசிப் படமான ‘ஆஃப்டர்இமேஜ்’ (2016) ஓவியர் வ்வாடிஸ்வாஃப் ஸ்ட்ரெமின்ஸ்கியின் இறுதி ஆண்டுகளைச் சொல்கிறது. முதல் உலகப் போரில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்தவர்; வூச் நகரில் தாமும் சேர்ந்து உருவாக்கிய கலைப் பள்ளியிலிருந்து, அரசு விதித்த கலைப்பாணியான சோஷலிச யதார்த்தவாதத்தை ஏற்க மறுத்ததற்காக வெளியேற்றப்பட்டவர்; 1952 டிசம்பரில் வறுமையில் இறந்தவர். கட்டடத்தின் முகப்பில் ஸ்டாலினின் படம் கொண்ட சிவப்புத் துணி இறக்கப்பட, அவர் அறையும் கித்தானும் சிவந்துபோகின்றன. வெளிச்சம் வேண்டி ஊன்றுகோலால் அந்தத் துணியைக் கிழிக்கிறார். அதன் பிறகு அவரிடமிருந்து வேலை, உணவுச் சீட்டு, வண்ணங்கள் என ஒவ்வொன்றாகப் பறிக்கப்படுகின்றன. லிண்டா குரலை உயர்த்துவது அபூர்வம். அடிக்கவும் முடியாத, ஓடவும் முடியாத உடலோடு, ‘ப்ஸி’யின் எந்தக் காட்சியையும்விட வலுவான மனிதனை அங்கே நிறுத்துகிறார்.

எல்லாவற்றையும் பார்க்க நேரம் இல்லை என்றால் ‘பிளைண்ட் சான்ஸ்’, ‘ப்ஸி’, ‘ஆஃப்டர்இமேஜ்’ ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். இரண்டுக்குத்தான் நேரம் என்றால், நடுவில் இருப்பதை விட்டுவிடலாம்.