மன உறுதியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்: நடத்தைச் சிகிச்சை வழியில் ஒரு பழக்கத்தை விடுவது எப்படி

விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுக்கிற இரவில் யாருக்கும் மன உறுதிக்குப் பஞ்சமே இருக்காது. சிக்கல் மறுநாள் சாயங்காலம்தான் வருகிறது. உடம்பு களைத்து, பசியெடுத்து, யாரோ ஏதோ சொன்னது மனதில் குத்திக்கொண்டிருக்கிற நேரத்தில் அந்த உறுதியைத் தேடினால் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று நம்மை நாமே திட்டிக்கொண்டு, அந்த வருத்தத்துக்கும் சேர்த்துக் குடிப்போம், அல்லது புகைப்போம், அல்லது விடிய விடிய போனில் பந்தயம் கட்டிக்கொண்டிருப்போம். ஆசை தலைக்கேறியபின் அதோடு மல்லுக்கட்டுவது நடத்தைச் சிகிச்சையில் கடைசி வேலைதான். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று, இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நீண்ட நாளாகத் தினமும் நிறையக் குடிப்பவர்களும், தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரைகளுக்குப் பழகிப்போனவர்களும் வீராப்பாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பார்த்து அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள், அப்புறம்தான் கீழே இருப்பதெல்லாம்.

முதல் வாரம் எழுதுவதுதான் வேலை. பழக்கம் குறைந்தால் நல்லது, குறையாவிட்டாலும் எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சூட்டோடு: எத்தனை மணி, எங்கே, யார் கூட, மனதில் என்ன ஓடியது, உடம்பில் என்ன தெரிந்தது, என்ன செய்தீர்கள், உடனே என்ன கிடைத்தது, பிறகு என்ன ஆனது. இரவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் பாதி மறந்திருக்கும், மீதியை நமக்குச் சாதகமாகத் திருத்தியிருப்போம். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

"வியாழன், மாலை 6.40. மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் மேனேஜர் திட்டிவிட்டார். கழுத்து இறுக்கம். மதியமும் சரியாகச் சாப்பிடவில்லை. 'ரொம்ப நாளாச்சு, அவனைப் பார்த்துவிட்டுப் போகலாம்' என்று வேறு பக்கம் வண்டியைத் திருப்பினேன். அவன் பாரில் இருந்தான். பத்து நிமிடம் நிம்மதி. காலையில் தலைவலி, வீட்டில் பொய்."

இதில் முடிவு எங்கே எடுக்கப்பட்டது? பாருக்குள் இல்லை. வண்டியைத் திருப்பிய இடத்தில், அதற்கும் முன்னால் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட இடத்தில். நண்பனைப் பார்க்கப் போவதில் என்ன தப்பு என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் அது வேலை செய்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், மறுபடி விழாமல் தடுக்கும் முறையை ஜூடித் கார்டனுடன் சேர்ந்து 1985-இல் விரிவாக எழுதியவர், சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் இந்தச் சின்ன முடிவுகளுக்குத் தனி இடம் கொடுத்தார். உங்கள் நோட்டிலும் பத்துப் பதிவு சேர்ந்ததும் அவற்றை வட்டம் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு திரும்பத் திரும்ப வரும்.

அடுத்து, 'உடனே என்ன கிடைத்தது' என்பதை மட்டும் தனியாகப் படியுங்கள். அந்தப் பத்து நிமிட நிம்மதிதான் பழக்கத்துக்குத் தீனி. செய்த கையோடு வலி குறைந்தால் மூளை அதைப் பிடித்துக்கொள்ளும், மறுநாள் வருகிற தலைவலி ரொம்பத் தள்ளி வருவதால் கணக்கில் சேராது. ஒருவருக்கு சிகரெட் என்பது வேலையிலிருந்து எழுந்து போக ஒரு சாக்கு, இன்னொருவருக்குத் துணை, இன்னொருவருக்குக் கோபத்தை விழுங்க ஒரு வழி. மாற்று ஏற்பாடு அதே தேவையைத் தீர்க்க வேண்டும். தனிமைக்காகக் குடிப்பவரிடம் ஜூஸ் குடி என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அவருக்கு அந்த நேரத்தில் பேச ஒரு ஆள் வேண்டும்.

சூழலை மாற்றுவது சுலபமான பகுதி: வீட்டில் இருப்பதை வெளியேற்றுங்கள், பந்தய ஆப்பை நீக்குங்கள், அதில் சேமித்த கார்டு விவரத்தை அழியுங்கள், சம்பளம் வரும் நாளில் பணத்தை வேறொருவர் பொறுப்பில் விடுங்கள்.

அதைவிடக் கஷ்டமானது 'இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்' என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. 'இனி கவனமாக இருப்பேன்' என்பதெல்லாம் திட்டமே இல்லை. 'மாலை கழுத்து இறுகியிருந்தால், வண்டியை எடுக்கும் முன் தங்கைக்குப் போன் செய்வேன்' என்பது திட்டம். யாராவது 'ஒண்ணே ஒண்ணு' என்று நீட்டினால் சொல்லப்போகிற வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 'வேண்டாம், விட்டுட்டேன்' போதும். காரணம் சொல்ல ஆரம்பித்தால் அதற்குப் பதில் சொல்ல அவர்களிடம் எப்போதும் ஏதாவது இருக்கும்.

இவ்வளவுக்கும் அப்புறமும் ஆசை வரும், வரட்டும். மார்லட் அதைக் கடல் அலை என்றார்: எழும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். உட்காருங்கள், உடம்பில் எங்கே தெரிகிறது என்று தேடுங்கள். தொண்டையிலா, வயிற்றிலா, விரல் நுனியிலா? சூடா, இறுக்கமா, குறுகுறுப்பா? அடக்கவும் வேண்டாம், அதன் பேச்சைக் கேட்கவும் வேண்டாம், மூச்சைப் பார்த்தபடி அது மாறுவதைக் கவனியுங்கள். பெரும்பாலும் இருபது, முப்பது நிமிடத்துக்குள் வேகம் குறையும். முதல் சில தடவை அந்த நிமிடங்கள் நகரவே நகராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நகம் கடிப்பது, முடி பிடுங்குவது போன்றவற்றுக்குத் தனி முறை உண்டு. 1973-இல் நேதன் அஸ்ரின், ராபர்ட் நன் இருவரும் கொண்டுவந்தது. கை வாய்ப் பக்கம் கிளம்புகிற முதல் அசைவையே பிடித்து, உடனே முஷ்டியை மூடிக் கையைத் தொடையில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்திருப்பது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் நன்றாகவே வேலை செய்கிறது.

வெகுமதியைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க வேண்டாம். கோகெய்ன் அடிமைகளுக்கு, சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லை என்று தெரிந்ததும் வவுச்சர் (பொருள் வாங்கிக்கொள்ள ஒரு சீட்டு) கொடுக்கும் முறையை 1990-களின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் குழு சோதித்துக் காட்டியது, இன்றும் அதற்கு மிக வலுவான சிகிச்சைகளில் ஒன்று அது. வீட்டில் செய்வதானால் பரிசு சின்னதாக, அன்றைக்கே கிடைப்பதாக, இன்னொருவர் கையிலிருந்து வருவதாக இருக்கட்டும்.

ஒரு நாள் சறுக்கலாம். அந்த முதல் சறுக்கலைவிட 'போச்சு, எல்லாம் போச்சு, இனி என்ன' என்கிற நினைப்புதான் ஆளை முழுசாகக் கவிழ்க்கிறது. அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள், மீதியைக் கொட்டுங்கள், ஒருவரிடம் சொல்லுங்கள், மறுநாள் அதே நோட்டில் எழுதுங்கள். ஹெராயின் மாதிரியான ஓபியாய்டு (அபின் வகைப் போதை) விஷயத்தில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை: சில வாரம் விட்டிருந்தாலே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும், பழைய அளவு உயிரைப் பறிக்கும்.

21 நாளில் எல்லாம் மாறிவிடும் என்பதை நம்பாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீர் குடிப்பது போன்ற சாதாரணப் பழக்கங்கள் படியவே 18 முதல் 254 நாள் வரை ஆனது. போதையை விடுவது அதைவிடச் சுலபமாக இருக்க வாய்ப்பில்லை.

தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் தெரபிஸ்டைப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: எத்தனை அமர்வு, வீட்டில் செய்ய என்ன வேலை தருவீர்கள், முன்னேற்றத்தை எப்படிப் பார்ப்பீர்கள்? 'பேசிப் பார்ப்போம்' என்பதற்கு மேல் பதில் வராவிட்டால் வேறு ஒருவரைத் தேடலாம். சிகரெட்டை விட உதவும் நிகோடின் பேட்ச், குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகளை டாக்டர் எழுதித் தந்தால் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்வதோ, சாக வேண்டும் என்கிற எண்ணமோ இருந்தால் இந்த நோட்டு வேலையெல்லாம் அப்புறம். இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.