பினாங்கில் சர்க்கரை இல்லாத ஒரு டீ வாங்குவது எப்படி?

விசா, டிக்கெட், ஓட்டல் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். இது அதற்கு அடுத்த கட்டம். திருச்சியிலிருந்து அப்பா, அம்மா, கணவர், எட்டு வயது மகன் என்று ஐந்து பேராக மலேசியாவில் இருக்கும் பினாங்கு போனோம், "அங்கதான் எல்லாரும் தமிழ் பேசுறாங்களே, என்ன கஷ்டம்" என்ற தைரியத்தில். தமிழ் பேசுகிறார்கள்தான், கஷ்டமே அதில்தான். அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர், சர்க்கரை நோய் உண்டு. அம்மா சுத்த சைவம். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: வெள்ளி என்றால் வெள்ளிக்கிழமை இல்லை

குவீன் ஸ்ட்ரீட்டில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோவில் இருக்கிறது. அதன் பக்கத்தில் பூ விற்ற அக்காவிடம் அம்மா மாலையைக் காட்டி "எவ்வளவும்மா?" என்றார். "அஞ்சு வெள்ளி." அம்மா முகம் வாடிவிட்டது. "அஞ்சு வெள்ளி வர முடியாதேம்மா, நாங்க நாளன்னைக்கே ஊருக்குக் கிளம்புறோம். வேற ஏதாவது பரிகாரம் இருக்கா?" அந்த அக்கா என்னைப் பார்க்க, நான் அம்மாவைப் பார்க்க, புரியச் சிறிது நேரம் ஆனது. அங்கே தமிழர் பேச்சில் மலேசியப் பணமான ரிங்கிட்தான் வெள்ளி, அதன் சில்லறையான சென் என்பது காசு. அவ்வளவுதான் இந்தப் படி.

(அதே அக்கா சிரித்து முடித்துவிட்டு "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். காலை டிபன் சாப்பிடுவதை அவர்கள் பசியாறுவது என்கிறார்கள். அப்பா அந்த ஒரு சொல்லுக்காக அன்று முழுவதும் நல்ல மனநிலையில் இருந்தார்.)

படி 2: தண்ணி

மாமாக் கடை என்பது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. 'மாமா' என்ற நம் சொல்தான் அங்கே 'மாமாக்' ஆகிவிட்டது. உட்கார்ந்ததும் பையன் வந்து "தண்ணி என்ன அங்கிள்?" என்பான். எங்களிடம் காலை எட்டரை மணிக்குக் கேட்டான். அப்பா என் கணவரை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், மாப்பிள்ளை ஏதோ முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்ட மாதிரி! பயப்படாதீர்கள். டீ, காபி, மைலோ, ஜூஸ் எல்லாமே அங்கே தண்ணிதான். நிஜத் தண்ணீர் வேண்டுமென்றால் 'ஆயேர் கோசோங்', வெதுவெதுப்பாக வேண்டுமென்றால் 'ஆயேர் சுவாம்'. அதற்கும் பல கடைகளில் கொஞ்சம் காசு போடுவார்கள், சண்டைக்குப் போக வேண்டாம்.

படி 3: டீ (இங்கேதான் நான் விழுந்தேன், மெதுவாகப் படியுங்கள்)

முதல் நாள் அப்பாவுக்கு "சீனி இல்லாம ஒரு டீ" என்று தமிழிலேயே சொன்னேன். வந்தது பாயசம். பையனைக் கூப்பிட்டால் "சீனி போடலக்கா" என்று சத்தியம் செய்கிறான். அடுத்த கடையில் உஷாராகக் கைபேசி மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டி, 'தே தான்பா கூலா' என்று மலாயில் வந்ததை அப்படியே நீட்டினேன். மறுபடியும் பாயசம். ஓட்டலுக்கு வந்து விரலைக் குத்திப் பார்த்தால் 268. கோபமான கோபம்.

மூன்றாம் நாள் ஒரு கடையில் டீ ஆற்றுபவர் ராமநாதபுரத்துக்காரராக அமைந்ததால் விஷயம் விளங்கியது. அந்த இரண்டு பையன்களும் பொய் சொல்லவில்லை, சீனி போடவே இல்லை. அங்கே 'தே' என்று மட்டும் சொன்னால் வழக்கமாகச் சேர்ப்பது பசும்பால் இல்லை, நம் மில்க்மெய்டு மாதிரி இனிப்புக் கெட்டிப்பால். இனிப்பு பாலிலேயே இருக்கிறது! நீங்கள் சீனியை நிறுத்தி என்ன பயன்? மாற்ற வேண்டியது பாலை. அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான்:

தே ஓ: பால் கிடையாது, சீனி உண்டு.
தே ஓ கோசோங்: பாலும் இல்லை, சீனியும் இல்லை.
தே சி: இனிப்பில்லாத டின் பால், கூடவே சீனி.
தே சி கோசோங்: அதே பால், சீனி இல்லை. நமக்கு வேண்டியது இது.

கோசோங் என்றால் வெறுமை, பூஜ்யம். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் 'குராங் மானிஸ்' என்றால் இனிப்பைக் குறைத்துக் கொடுப்பார்கள். இழுத்து ஆற்றும் தே தாரிக் இனிப்பாக இருந்தால்தான் தே தாரிக், அதைக் கோசோங் ஆக்கப் பார்க்காதீர்கள். செயலியை நான் அன்றோடு மூடிவிட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் இந்த நான்கையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதுதான் என் சிபாரிசு, அதற்குச் சார்ஜும் வேண்டாம் சிக்னலும் வேண்டாம்.

படி 4: சோறு

"நாசி கண்டார்" என்று பலகையை வாய்விட்டு வாசித்தேன். "நாசின்னா மூக்கு. மூக்கைக் கண்டது யாரு? எழுவாய் எங்கே?" என்று அப்பா தெருவிலேயே வகுப்பு எடுத்தார். மலாயில் நாசி சோறு. கண்டார் என்பது தோளில் காவடி போலச் சுமக்கும் கம்பு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று தூக்கிப்போய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதால் வந்த பெயர்.

வரிசையில் நின்று வேண்டியதைக் காட்டுங்கள். மலாய்க்காரர்கள் ஆள்காட்டி விரலை நீட்ட மாட்டார்கள், வலது கைக் கட்டைவிரலால் காட்டுவார்கள், நாமும் அப்படியே செய்தால் மரியாதை. பரிமாறுபவர் கரண்டியோடு "பஞ்சிர்?" என்பார். அம்மா அதைப் பன்னீர் என்று நினைத்து ஆசையாகத் தலையாட்டிவிட்டார். பஞ்சிர் என்றால் வெள்ளம். வெண்டைக்காயும் முட்டைக்கோசுமாக இருந்த தட்டில் கோழி, மீன், ஆடு என்று எல்லாக் குழம்பும் கலந்து ஓடியது. அந்தத் தட்டை என் கணவர் சாப்பிட்டார் (அவருக்கு வருத்தமே இல்லை). அம்மாவுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு. சைவக்காரர்கள் இந்தப் படியை அப்படியே தாண்டிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். காய்கறியில்கூட நெத்திலியோ இறால் விழுதோ இருக்கும், பருப்புக் குழம்பில் ஆட்டெலும்பு இருக்கலாம். கேட்டுவிட்டே கை வையுங்கள்.

பின்சேர்க்கை: டீயைப் பார்சல் வாங்க என்ன சொல்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 'புங்குஸ்' என்றால் பார்சல். பிளாஸ்டிக் பையில் ஊற்றி உறிஞ்சுகுழல் செருகி ஓரத்தில் முடிந்து தருவது 'இக்காட் தெப்பி', நடந்துகொண்டே குடிக்கலாம். வாயை முழுக்க இறுக்கிக் கட்டுவது 'இக்காட் மாத்தி'. ஃபெர்ரி பிடிக்கும் அவசரத்தில் என் கணவர், காபியைக் கட்டப்போன மலாய்க்காரப் பெண்ணிடம் "டீயா மாத்தி, மாத்தி" என்று பதறினார். அவரும் சரியென்று இறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டார். அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போய்ச் சேரும் வரை முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்தபோது அவிழ்ந்தது, மொத்தமும் வெள்ளைச் சட்டையில். காபிதான்.