சிறு தீர்க்கதரிசிகளுக்குப் படப்புத்தகம் செய்வது எப்படி

ஓய்வுநாள் பள்ளியில் நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பழைய ஏற்பாடு என்றால் நோவா, தாவீது, தானியேல். பழைய ஏற்பாட்டின் கடைசியில் வரும் சிறு தீர்க்கதரிசிகள் பன்னிரண்டு பேரில் யோனா மட்டும் உள்ளே வருவார், அதுவும் மீனோடு வந்து மீனோடு போய்விடுவார். மற்ற பதினொரு பேரும் "ஓசியா, யோவேல், ஆமோஸ்" என்று ஒப்பிக்கும் பெயர்களாகவே நின்றுவிடுகிறார்கள்.

காரணம் எளியது. யோனாவைத் தவிர மற்றவற்றில் கதை குறைவு, பேச்சுதான் அதிகம். அவற்றில் கதையைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, பிள்ளை கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளைத் தேடுங்கள். ஆமோஸில் தூக்குநூல் இருக்கிறது, யோவேலில் வெட்டுக்கிளி, ஆகாயில் பொத்தலான பை, ஆபகூக்கில் துளிர்க்காத அத்திமரம். ஒரு தீர்க்கதரிசிக்கு ஒரு பொருள், ஆறு படம். அவ்வளவு போதும்.

"சிறு" என்பது புத்தகத்தின் நீளத்தைச் சொல்வது என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பன்னிரண்டு குள்ளத் தாத்தாக்களை வரைந்து வைப்பார்கள். ஏசாயாவுக்கு 66 அதிகாரம். இந்தப் பன்னிரண்டில் மிக நீளமான ஓசியாவுக்கும் சகரியாவுக்கும் 14தான். ஒபதியாவுக்கு மொத்தமே 21 வசனம். ஒரு தடித்த பைபிளில் ஏசாயாவின் பக்கங்களை ஒரு விரலிடுக்கிலும் ஒபதியாவை இன்னொரு விரலிடுக்கிலும் பிடித்துக் காட்டினால் விளக்கமே வேண்டாம்.

விடுமுறை வேதாகமப் பள்ளி மாதிரி சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கப் பிள்ளைகள் கலந்து வரும் இடத்தில் பெயர்க் குழப்பம் வரும். சிஎஸ்ஐயில் ஆபகூக், சகரியா, மல்கியா. கத்தோலிக்கரிடம் அபக்கூக்கு, செக்கரியா, மலாக்கி. இங்கே தீர்க்கதரிசி, அங்கே இறைவாக்கினர். அட்டையின் பின்புறம் இரண்டையும் எழுதி வையுங்கள். ஒரு பிள்ளை வீட்டில் கேட்ட பெயரைச் சொன்னால் அதைத் திருத்தக்கூடாது.

அட்டை செய்வது

கடையில் கிடைக்கும் முழு சார்ட் 22க்கு 28 அங்குலம். நான்காக வெட்டினால் 11க்கு 14 அங்குல அட்டை நாலு கிடைக்கும். ஒரு புத்தகத்துக்கு ஆறு படம், ஒரு தலைப்பு என்று ஏழு அட்டை. ஆகவே இரண்டு சார்ட் போதும், ஒரு அட்டை மிச்சம் வரும். கிழியும் அட்டைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

தைக்க வேண்டாம். தனி அட்டைகளாகவே இருக்கட்டும். படம் பிள்ளைகளைப் பார்த்தும் வாசகம் உங்களைப் பார்த்தும் இருக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: முதல் படத்தின் வாசகத்தை முதல் அட்டையின் பின்புறமே எழுதிவிடுவார்கள். கட்டாகப் பிடிக்கும்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது கடைசி அட்டையின் பின்புறம். ஆகவே முதல் அட்டைக்கான வாசகம் கடைசி அட்டையின் பின்னால் போக வேண்டும். சொல்லி முடித்ததும் முதல் அட்டையை எடுத்துக் கட்டின் பின்னால் செருகுவீர்கள். இப்போது உங்கள் முன் இருப்பது முதல் அட்டையின் முதுகு. எனவே அதில் இரண்டாம் அட்டையின் வாசகம் இருக்கும். இப்படியே ஒவ்வொன்றும் ஒரு படி தள்ளி. பென்சிலால் எண் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வாசகத்தை நேராக மார்க்கரால் எழுதினால் மை ஊறிப் படத்தில் தெரியும். வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டுங்கள். மைதாப் பசை வேண்டாம். கரப்பானும் பூச்சியும் வரும். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம், ஆனால் அது நஞ்சு. பிள்ளைகள் தொடும் அட்டையில் கூடவே கூடாது. ஃபெவிகாலை மெல்லத் தடவினால் போதும், அதிகம் போட்டால் அட்டை வளையும். படத்துக்கு ஸ்கெட்ச் பேனாவை விட மெழுகு கிரேயான் நல்லது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஈரக்கை பட்டால் ஸ்கெட்ச் மை இழுகும், கிரேயான் அசையாது.

அட்டையின் முன்பக்கம் எழுத்தே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. போடுவதானால் ஒரே சொல், இரண்டு செ.மீ. உயரத்தில். "கடந்து ஓடுகிறவன் வாசிக்கும்படி" பலகையில் எழுதச் சொன்னது ஆபகூக் 2:2.

யோனா

கடையில் வாங்கும் படப்புத்தகங்கள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. படத்தை முதலில் பைபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் திமிங்கிலம் இருக்கும். வசனத்தில் இருப்பது "ஒரு பெரிய மீன்". குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளை "இது என்ன மீன்?" என்று விடாமல் கேட்கும். பைபிளில் பெயர் இல்லை என்பதே சரியான பதில். நீங்கள் வரைவதானால் ஒரு கண்ணும் பாதி வாயும் மட்டும் வரைந்து, உடம்பை அட்டைக்கு வெளியே விட்டுவிடுங்கள். அளவும் தெரியும், வம்பும் இல்லை.

"மீன் தின்றது" என்று சொல்லாதீர்கள். "விழுங்கியது." தின்றது என்றால் சின்னப் பிள்ளைக்கு யோனா செத்துப்போனார். கடலில் மூழ்கிக்கொண்டிருந்தவரைக் காப்பாற்ற வந்தது அந்த மீன். தண்டனை அறை போல வரைந்த புத்தகங்கள் இரண்டாம் அதிகாரத்தைப் படிக்காமல் வரைந்தவை.

புயல் அட்டையில்தான் கவனம் வேண்டும். 2004 சுனாமியும் 2017 ஒக்கியும் ஆளைக் கொண்டுபோன வீடுகள் இந்தக் கரையில் உண்டு. பிள்ளை அதன்பிறகு பிறந்திருக்கலாம். ஆனால் சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். "கீழ்ப்படியாதவனுக்குக் கடவுள் புயல் அனுப்பினார்" என்று சொல்லிவிட்டுப் போனால், தன் தாத்தா என்ன தப்பு செய்தார் என்று அந்தப் பிள்ளை வீட்டில் போய்க் கேட்கும். கப்பல்காரர்களைச் சொல்லுங்கள். சரக்கைக் கடலில் எறிந்தார்கள், யோனா தன்னைத் தூக்கிப் போடச் சொன்னபிறகும் அவர்கள் கரைசேரத் தண்டுவலித்தார்கள் (1:13). முகம் தெரியாத ஒருவருக்காக அவ்வளவு பாடுபட்டவர்கள். துடுப்போடு நிற்கும் அவர்களைப் பெரிதாக வரையுங்கள், அலையைச் சிறிதாக. கடலிலிருந்து திரும்பாதவர் இருக்கும் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால் அந்த அட்டையில் நின்று கேள்வி கேட்க வேண்டாம், சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நாலாம் அதிகாரத்தை விட்டுவிடாதீர்கள். பல புத்தகங்கள் யோனா எச்சரிக்கப் போன நினிவே நகரம் மனந்திரும்பியதோடு முடித்துவிடும். யோனா கோபித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஆமணக்குச் செடி நிழல் தந்தது, புழு அரித்தது. வெளிநாட்டுப் படங்களில் அது சுரைக்கொடியாக இருக்கும். நம் பைபிளில் ஆமணக்கு. ஓர் இலையைப் பறித்துக்கொண்டு போய் ஒரு பிள்ளையின் தலைமேல் பிடியுங்கள். விதை வேண்டாம், ஆமணக்கு விதை நஞ்சு. இலையைத் தொட்டபின் கை கழுவச் சொல்லுங்கள். நினிவேயில் மாடுகளும் இரட்டு உடுத்தியது (3:8) பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும் இடம். இரட்டு என்றால் புரியாது, சாக்கு என்றால் புரியும்.

ஆமோஸும் யோவேலும்

ஆமோஸ் தெக்கோவா ஊரில் மாடு ஆடு பார்த்தவர், காட்டத்திப் பழம் பொறுக்கியவர் (7:14). இரண்டு பொருள் உண்டு. ஒன்று தூக்குநூல் (7:7). பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் கொத்தனாரிடம் தூக்குக்குண்டைக் கேட்டு வாங்குங்கள். தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு வரிசை நேராகவும் ஒரு வரிசை சாய்வாகவும் அடுக்கி, நூலைப் பக்கத்தில் பிடித்தால் சாய்வு தானே தெரியும். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் குண்டு ஆடும், தீப்பெட்டியும் சரியும்.

இரண்டாவது கள்ளத்தராசு (8:5). ஒரே அளவுள்ள இரண்டு சிரட்டையில் மூன்று மூன்று துளை, ஒரு முழக் கம்பு, நடுவில் ஒரு கயிறு. வெறும் தராசு நேராக நிற்கும்வரை நடுக்கயிற்றை நகர்த்துங்கள். பிறகு பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஒரு சிரட்டையின் அடியில் சின்னக் கல்லை மெழுகால் ஒட்டுங்கள். "மக்களே, இது சரியான தராசா?" என்று புளியங்கொட்டையை நிறுத்துக் காட்டுங்கள். யாராவது ஒருவர் கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள், நீங்களாகச் சொல்லிவிட்டால் பாடமே போச்சு. ஆமோஸ் ஏன் அவ்வளவு கோபப்பட்டார் என்பதற்கு அதற்குமேல் பிரசங்கம் வேண்டாம்.

யோவேலில் ஒரு பொறி இருக்கிறது. 1:4-ல் பச்சைப்புழு, வெட்டுக்கிளி, பச்சைக்கிளி, முசுக்கட்டைப்பூச்சி என்று வரிசையாக வரும். "பச்சைக்கிளி" என்றதும் பிள்ளை சிவப்பு மூக்குக் கிளியைத்தான் வரையும், சில சமயம் டீச்சரும். அது வெட்டுக்கிளிக் கூட்டத்தில் ஒன்று. படத்தில் திராட்சையும் அத்தியும் இருக்கட்டும், ஏனென்றால் 1:7 சொல்வது அவற்றை. செய்துகாட்ட மட்டும் ஒரு வாழையிலை: பெயர் சொல்லச் சொல்ல நாலு பிள்ளைகள் ஆளுக்கொரு பங்கு கிழிக்க, நடுத்தண்டு மட்டும் மிஞ்சும். கடைசி அட்டையில் முழு இலையை வரைந்து வையுங்கள். தின்றுபோன விளைவைத் திரும்பத் தருவேன் என்று 2:25 சொல்கிறது. அதே அதிகாரத்தில் வரும் முன்மாரி, பின்மாரி என்பதை இரண்டு மழை பார்க்கும் நம் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மாதம் மட்டும் வேறு: அங்கே முன்மாரி ஐப்பசியை ஒட்டி, பின்மாரி பங்குனியை ஒட்டி.

மற்றவர்கள்

ஆபகூக் 3:17-க்கு மூடி திறக்கும் அட்டை ஒன்றே போதும்: அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுக்கிடை, மாட்டுத்தொழுவம் என்று ஆறு மூடி, திறந்தால் ஆறும் காலி. ஆகாய்க்கு ஓட்டைத் துணிப்பையும் பத்து ஒரு ரூபாய்க் காசும். மூன்று வயதுத் தம்பி தங்கைகள் கூட வந்திருந்தால் காசுக்குப் பதில் பெரிய சிரட்டைத் துண்டு, இல்லையென்றால் வாயில் போட்டுவிடுவார்கள். மீகா 4:3-ல் பட்டயம் (வாள்) மண்வெட்டியாகும். மம்பட்டி என்றே சொல்லுங்கள். மீகா 5:2 டிசம்பருக்கு, சகரியா 9:9 குருத்தோலை ஞாயிறுக்கு. ஆனால் சகரியாவில் பிள்ளைகளுக்கென்றே இருப்பது 8:4, 5: கோல் ஊன்றிய கிழவர்களும் தெருவெல்லாம் விளையாடும் பிள்ளைகளும். அந்த அட்டையில் தெருவை மட்டும் நீங்கள் வரையுங்கள், விளையாட்டை அவர்கள் வரையட்டும்.

செப்பனியா 3:17, மல்கியா 4:2 ஆளுக்கொரு அட்டை. ஓசியாவில் முதல் மூன்று அதிகாரம் இந்த வயதுக்கு அல்ல. 11:3 எடுங்கள், கைபிடித்து நடக்கப் பழக்கும் தகப்பன். ஒபதியாவை ஏழு வயதுக்குமேல், அண்ணன் தம்பி சண்டையாக. நாகூம் முழுவதும் நினிவேயின் அழிவு. 1:7-ஐ மட்டும் வாசித்துவிட்டு நகரலாம்.

ஒரு புத்தகம் சொல்ல ஏழு நிமிடம், பொருளோடு விளையாடப் பத்து நிமிடம். ஒரு வாரத்தில் இரண்டு தீர்க்கதரிசி வேண்டாம். அடுத்த வாரம் தூக்குநூல் யோனா கையில் போய்விடும். முடிந்ததும் ஏழு அட்டையையும் பழைய நாள்காட்டி அட்டைகள் இரண்டுக்கு நடுவே வைத்து, கயிறு கட்டி, பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். தரையில் வேண்டாம், கரையான் வரும். ஜூன் மாதம் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை வெயில் பார்த்துக் காயவைத்தால் மூன்று நாலு வருஷம் ஓடும்.