பரண்மேல் கிடக்கும் மடிக்கணினியில் ஒரு வளவு வீட்டு விளையாட்டு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் பரண்மேல் ஒரு மடிக்கணினி தூங்கிக்கொண்டிருக்கும். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியதாக இருக்கும். கேம் உருவாக்கிப் பழக அது தாராளமாகப் போதும். யூனிட்டி, அன்ரியல் போன்ற பெரிய இன்ஜின்களை (கேம் செய்யும் மென்பொருள்களை) ஏற்றினால் திணறும்தான். முதல் விளையாட்டுக்கு அவ்வளவு பெரிய கருவி வேண்டியதில்லை. இங்கே நாம் செய்யப்போவது ஒரே திரையில் அடங்கும் சின்ன விளையாட்டு: மழை வருவதற்குள் முற்றத்தில் காயும் வற்றலை அள்ள வேண்டும்.

படி 1: கணினியைத் தயார் செய்யுங்கள்

ரேம் 2 ஜிபி இருந்தால் நல்லது. பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போடுங்கள். செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால் அது இதுதான். அப்புறம், கனமான விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடலாம். ரேம் 1 ஜிபிதான் என்றால் ஆன்டிஎக்ஸ் லினக்ஸ். லினக்ஸ் போடுவதற்கு முன் உள்ளே இருக்கும் பழைய படங்களைப் பென் டிரைவில் எடுத்துவைத்துவிடுங்கள். அக்காவின் கல்லூரிப் படங்கள் அதில் மட்டும்தான் இருக்கக்கூடும்.

பேட்டரி செத்திருந்தால் கவலை வேண்டாம், சார்ஜரைச் செருகியபடியே வேலை செய்யலாம். சின்ன நெட்புக்கின் அடாப்டரில் 19 வோல்ட், 2.1 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அது அதிகபட்சம் தருவதே சுமார் 40 வாட். ஆகவே கரண்ட் போனாலும் வீட்டு இன்வெர்ட்டரில் நிம்மதியாக ஓடும். சித்திரை வெயிலில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. மெத்தைமேல் வைத்தால் அடியில் இருக்கும் காற்றுத்துளை அடைபட்டு, சூடேறி, கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு மணைப்பலகைமேல் வையுங்கள்.

படி 2: டிக்-80

டிக்-80 (TIC-80) சின்னக் கேம்கள் செய்வதற்கான ஓர் இலவச, திறமூல மென்பொருள். கோடு (நிரல்) எழுதுவது, படம் வரைவது, வரைபடம் (மேப்) அமைப்பது, ஒலி சேர்ப்பது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒருமுறை இறக்கிவிட்டால், கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்வரை இணையம் தேவையில்லை. திரை 240-க்கு 136 பிக்சல் (திரைப் புள்ளி), நிறங்கள் 16. இந்தச் சிறு அளவுதான் பழைய கணினிக்கு ஏற்றது. தொடக்கக்காரருக்கும் இதுவே வசதி, ஏனென்றால் முடிக்கக்கூடிய வேலை மட்டும்தான் கண்முன் நிற்கும்.

திறந்ததும் ஒரு கருப்புத் திரை வரும். கன்ட்ரோலும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள். சிரித்த முகத்தோடு ஒரு கதாபாத்திரம் தோன்றும். அம்புக்குறி விசைகளுக்கு அது நகரும். அதன் கோடு ஏற்கெனவே எழுதியே இருக்கிறது. எஸ்கேப் அழுத்தி (பட்டியல் வந்தால் அதில் 'க்ளோஸ் கேம்' தேர்ந்து) வெளியே வந்து எஃப்1 அழுத்தினால் பார்க்கலாம். லுவா என்ற நிரல்மொழியில் சுமார் இருபது வரி. அதில் 13 என்ற எண்ணை மாற்றினால் பின்னணி நிறம் மாறும். எக்ஸ், ஒய் இரண்டுக்கும் எதிரே உள்ள எண்களை மாற்றினால் பாத்திரம் நிற்கும் இடம் மாறும். ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். பாத்திரத்தை வரையும் வரியில் 14-ஐ அடுத்து வரும் 3 அதன் பெருக்கம். அதை 1 ஆக்கிவிடுங்கள், நம் வீட்டுக்கு அந்த உயரம் போதும்.

படி 3: ஆத்தங்குடி ஓடு

எனக்கு மிகவும் பிடித்த படி இது, அவசரப்படாமல் செய்யுங்கள்.

எஃப்2 அழுத்தினால் வரையும் பலகை வரும். அதில் ஒவ்வோர் ஓடும், அதாவது சின்னப் படக்கட்டமும், 8-க்கு 8 பிக்சல். தரையில் பதிக்கும் பூ ஓட்டுக்குப் பேர்போன ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாக வண்ணச் சிமென்ட் ஊற்றுவார்கள். நான்கு ஓடு சேர்த்துப் பதித்தால்தான் பல டிசைன்களில் பூ முழுசாகும். நாமும் அப்படியே செய்யலாம். கால் பூவை மட்டும் ஒரு ஓட்டில் வரையுங்கள்: ஒரு மூலையில் மஞ்சள் கால்வட்டம், அதைச் சுற்றி சிவப்பு இதழ், எதிர்மூலையில் பச்சை இலை. அதைக் காப்பி செய்து பக்கத்தில் ஒட்டி, சுழற்றும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். அடுத்த நகலுக்கு இருமுறை, அதற்கடுத்ததற்கு மூன்றுமுறை என்று திருப்பிச் சுற்றி அடுக்கினால் 16-க்கு 16-இல் முழுப் பூ கிடைக்கும். பாத்திரம் வரைந்திருக்கும் ஓடுகளைத் தொட்டுவிடாதீர்கள்.

பூஜ்ஜியம் எண் ஓட்டில் வெற்றுத் தரை நிறத்தை நிரப்புங்கள். வரைபடத்தின் எல்லாக் கட்டங்களும் தொடக்கத்தில் பூஜ்ஜியம்தான், அதனால் வீடு முழுக்கத் தரை தானாக வந்துவிடும். இன்னும் இரண்டு ஓடுகள் வேண்டும்: ஒரு தேக்குத் தூண், ஒரு வற்றல். அவற்றின் எண்களைக் குறித்துவையுங்கள்.

எஃப்3-இல் வரைபடம். ஒரு திரைக்குக் குறுக்கே 30 ஓடு, நெடுக்கே 17. நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தூண்கள், தூண்களுக்கு வெளியே வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) பூ ஓடு, முற்றத்துக்குள் அங்கங்கே வற்றல். வரைபடத்தில் மொத்தம் 64 திரைக்கு இடம் இருக்கிறது. இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பிறகு நீட்டிக்கொள்ளலாம்.

இனி கோடில் ஒரே வரி. 13 என்ற எண் இருந்த, திரையைத் துடைக்கும் வரிக்கு அடுத்து எம், ஏ, பி என்ற மூன்று எழுத்து, ஒரு திறந்த அடைப்புக்குறி, ஒரு மூடிய அடைப்புக்குறி. பாத்திரத்தை வரையும் வரிக்கு மேலேதான் இது வர வேண்டும். கீழே போட்டால் பாத்திரம் தரைக்கு அடியில் மறைந்துவிடும்.

படி 4: தூணில் முட்டுவதும் வற்றல் அள்ளுவதும்

இரண்டுக்கும் ஒரே கேள்விதான்: பாத்திரத்தின் கால் எந்த ஓட்டின்மேல் இருக்கிறது? எக்ஸோடு 8, ஒய்யோடு 15 கூட்டுங்கள், அதுதான் கால் இருக்கும் இடம். இரண்டையும் 8-ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டால் ஓட்டுக் கட்டம் கிடைக்கும். லுவாவில் இதற்கு இரட்டைச் சாய்கோடு. அந்தக் கட்டத்தில் எந்த எண் ஓடு இருக்கிறது என்று சொல்வது எம், ஜி, ஈ, டி என்ற கட்டளை.

விசையைப் பார்க்கும் வரிகளுக்கு முன்னால் எக்ஸ், ஒய் மதிப்புகளை வேறு இரண்டு பெயரில் எடுத்துவையுங்கள். நகர்ந்த பிறகு காலடியில் தூணின் எண் வந்தால், எடுத்துவைத்த மதிப்புகளைத் திருப்பிக் கொடுங்கள். அவ்வளவுதான், தூணுக்குள் நுழைய முடியாது. வற்றலின் எண் வந்தால் எம், எஸ், ஈ, டி கட்டளையால் அந்தக் கட்டத்தைப் பூஜ்ஜியமாக்கி, மதிப்பெண்ணில் ஒன்று கூட்டுங்கள். விளையாட்டை மறுபடி தொடங்கினால் அள்ளிய வற்றல் பழையபடி வந்து நிற்கும், வரைந்த வரைபடம் கெடாது. நேரம் குறைவதற்கு, டி என்ற எண்ணி நொடிக்கு 60 வீதம் ஏறுவதைப் பயன்படுத்துங்கள்: 1800 ஆனால் முப்பது நொடி, மழை வந்தாயிற்று.

டிக்-80-இன் எழுத்துருவில் தமிழ் இல்லை. 'மழை' என்று திரையில் காட்ட வேண்டுமானால் அதையும் ஓடுகளில் வரைந்துவிடுங்கள். 8 பிக்சலுக்குள் 'ழை' நசுங்கிப் போகும். 16 உயரம் கொடுங்கள்.

படி 5: சேமித்து, பகிர்ந்து

முதல்முறை கருப்புத் திரையில் சேவ் கட்டளையோடு ஒரு பெயரைத் தட்டுங்கள், பிறகு கன்ட்ரோல், எஸ் அடிக்கடி அழுத்துங்கள். முடிந்ததும் எஸ்கேப் அழுத்திக் கருப்புத் திரைக்குப் போய் எக்ஸ்போர்ட் கட்டளையோடு ஹெச்டிஎம்எல் என்பதையும் ஒரு பெயரையும் தட்டினால் பிரவுசரில் ஓடும் ஒரு ஜிப் கோப்பு கிடைக்கும். அதை இட்ச்.ஐஓ (itch.io) என்ற கேம் பகிரும் தளத்தில் இலவசமாக ஏற்றி, இணைப்பை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். தூண் எங்கே தவறாக நிற்கிறது என்று முதலில் ஆச்சிதான் கண்டுபிடித்துச் சொல்வார்கள்.