குலை ரசீதும் தோரண ஆர்டரும் ஒரே ஷீட்டில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நாலைந்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்திருப்பவர்கள் குலை விற்றதும் எடை ரசீதைச் சட்டைப்பையில் மடித்து வைக்காதீர்கள், வியர்வையில் எழுத்து மங்கிவிடும். லோரி கிளம்புவதற்குள் படம் எடுத்து, கைப்பேசியில் கூகுள் ஷீட்டைத் திறந்து தேதி, எடை, விலை, ஓஇஆர் என்ற எண்ணெய் விகிதம் (குலை எடையில் எத்தனை சதவீதம் எண்ணெய் என்ற கணக்கு) எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். அந்த விகிதத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. டன்னுக்கு ஒரு சதவீதத்துக்கு 45 வெள்ளி (ரிங்கிட்) என்று வையுங்கள்: விகிதம் 20 என்றால் டன்னுக்கு 900 வெள்ளி, 19 என்றால் 855தான். இரண்டு டன்னுக்கு 90 வெள்ளி போச்சு! பழுக்காத குலையை வெட்டினால் விகிதம் இறங்கும்; எந்தச் சுற்றில் இறங்கியது என்று ஷீட் காட்டிக் கொடுக்கும். 2020 முதல் கட்டாயமான எம்எஸ்பிஓ என்ற மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் தணிக்கைக்கும் இதே பதிவு கைகொடுக்கும்.

அப்புறம், வீட்டில் அக்கா, அத்தை யாராவது குருத்தோலைத் தோரணம் பின்னுவார்களா? அதே ஷீட்டில் இன்னொரு பக்கத்தில் யாருக்கு, எந்தத் தேதிக்கு, எத்தனை, முன்பணம் எவ்வளவு என்று குறித்துக் கொடுங்கள். அருமையான கைவேலை அது, நாலு பேர் கண்ணில் பட வேண்டும். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள். ஓலை சீக்கிரம் வாடிவிடும், அதனால் விசேஷத்துக்கு முதல் நாள்தான் பின்னித் தருவோம் என்று ஆர்டர் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.