ரஜினி பேப்பர் கட்டிங் ஆல்பம்: நான் ஒட்டும் முறை

கத்தரிக்கோலுக்கு முன்னால் பென்சிலை எடுங்கள். பேப்பர் பெயரையும் தேதியையும் படத்தின் ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். பள்ளிக்கூட நாளில் இது தெரியாமல் ஒரு ஷூ டப்பா நிறைய வெட்டிப் போட்டேன். பாதிக்கு வருஷமே தெரியவில்லை. பின்பக்கத் துணிக்கடை விளம்பரத்தில் 'தீபாவளித் தள்ளுபடி' என்று இருந்ததால் மாதத்தை மட்டும் பிடித்த படங்கள் உண்டு.

எல்லோரும் முதல் படத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் நாம் நாச்சிக்குப்பத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ரஜினியுடைய பூர்வீக ஊரான அது வேப்பனப்பள்ளிப் பக்கம்தானே இருக்கிறது. அங்கே அவருடைய அப்பா அம்மா நினைவிடம் இருக்கிறது. நீங்களே போய் ஒரு போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அடுத்தது பெங்களூரு. 12.12.1950-இல் பிறந்த சிவாஜி ராவ் (ரஜினியின் சொந்தப் பெயர்), பஸ் கண்டக்டராக இருந்த காலம். இதற்குக் கட்டிங் கிடைப்பது கஷ்டம். நான் கையால் எழுதி, ஓசூர் வழியாகப் பெங்களூரு போன டிக்கெட் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டினேன். மெஷின் டிக்கெட் என்றால் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள், ஒரிஜினலில் எழுத்து சீக்கிரமே மங்கிப்போகும்.

1975-க்கு ஒரே பக்கம்: 'அபூர்வ ராகங்கள்' படத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் அந்த மனிதர். 1978-க்கு நான்கு பக்கமாவது விடுங்கள். தனி ஹீரோவாக 'பைரவி' வந்தது அந்த வருஷம்தான், 'முள்ளும் மலரும்' வந்ததும் அதே வருஷம்தான். அந்தப் படத்தில் கை போன காளியாக வரும் ரஜினியின் முகத்துக்கு முழுப் பக்கம் கொடுங்கள், கூட வேறெதையும் ஒட்டாதீர்கள். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் இந்த ஆல்பத்தையே தொடங்கினேன். பத்ம பூஷண் 2000, பத்ம விபூஷண் 2016, 2021-இல் வாங்கிய தாதா சாகேப் பால்கே (2019-க்கான விருது), மூன்றும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

இனி பசை. செலோடேப் வேண்டவே வேண்டாம், மஞ்சளாகிப் படத்தையும் கறையாக்கும். மைதாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, கஞ்சிப் பதத்தில் இறக்குங்கள். பைண்டிங் கடைக்காரர்கள் போல ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்தால் பூச்சி வராது. அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. நான்கு மூலையில் மட்டும் தொட்டு வையுங்கள், முழுக்கத் தடவினால் பேப்பர் சுருங்கும். ராத்திரி முழுக்க மேலே கனமான புத்தகம் இருக்கட்டும்.

காய்ந்த ஆல்பத்தைப் பழைய வேட்டித்துணியில் சுற்றி, பீரோவில் படுக்கவைத்துத்தான் வைக்க வேண்டும். கடைசியில் பத்துப் பக்கம் காலியாக விடுங்கள், அவர் இன்னும் நடித்துக்கொண்டுதானே இருக்கிறார்.