ஹப் மோட்டார் உதறலைக் குறைக்க: மோட்டாரை மாற்றும் முன் ஹால் சென்சாரைப் பாருங்கள்

வேலூரின் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டிலும் காட்பாடி மேம்பாலத்திலும் நெரிசலில் ஊரும்போது மட்டும் ஹப் மோட்டார் (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்) பொருத்திய மின் ஸ்கூட்டர் உதறுகிறதா? அதுதான் டார்க் ரிப்பிள்: மோட்டாரின் திருகுவிசை (டார்க்) சீராக இல்லாமல் ஏறி இறங்குவது. வேகம் எடுத்ததும் வண்டியின் நிறை அதை அமுக்கிவிடும். மோட்டாரை மாற்ற அவசரப்படாதீர்கள். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். கன்ட்ரோலரிலிருந்து (மோட்டாருக்குக் கரன்ட் அனுப்பும் பெட்டி) மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபேஸ் வயர்களையும் பிரித்து, ஒன்றோடொன்று படாமல் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வயர்கள் தொட்டுக்கொண்டால் மோட்டாரே பிரேக் பிடிக்கும், சோதனை வீண். தடையில்லாமல் சுற்றினால் காகிங் (காந்தங்கள் இரும்புப் பற்களை இழுப்பதால் விட்டுவிட்டு வரும் தடை) பிரச்சினை இல்லை. பரவலாக இருக்கும் 46 காந்தம், 51 ஸ்லாட் (காயில் சுற்றும் பள்ளம்) அமைப்பில் அது இயல்பாகவே மிகக் குறைவு. சுற்றுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் உரசினால் பேரிங்கைப் பாருங்கள்.

அடுத்து ஹால் சென்சார்: காந்தம் எங்கே இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் மூன்று சிறு சென்சார்கள். 5 வோல்ட் சப்ளை கொடுங்கள். ஒவ்வொரு சிக்னல் வயரையும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அதே 5 வோல்ட்டில் இணையுங்கள். இது இல்லாவிட்டால் நல்ல சென்சாரும் செத்ததுபோல் காட்டும். சக்கரத்தை மெல்லத் திருப்பினால் மூன்றும் 0-க்கும் 5-க்கும் மாறி மாறி வர வேண்டும். மாறாததை மாற்றும்போது லேட்ச் வகையே (எதிர்த் துருவம் வரும்வரை நிலையைப் பிடித்துவைப்பது) போடுங்கள்.

மாறினால் மட்டும் போதாது, இருக்கும் இடமும் சரியாக வேண்டும். 46 காந்தம் என்றால் 23 ஜோடி: சக்கரத்தின் 1 டிகிரி, மின் கோணத்தில் (ஒரு ஜோடி காந்தத்தைக் கடப்பது 360 டிகிரி) 23 டிகிரி. காந்த வளையத்தின் விட்டம் 200 மி.மீ. என்றால், சென்சார் 1 மி.மீ. நகர்ந்தாலே 13 டிகிரி பிழை. பசை விட்டுப்போன சென்சார் இப்படித்தான் வண்டியை உதறவைக்கும். சரியான இடத்தில் வைத்து எபாக்ஸி போட்டு ஒட்டுங்கள்.

வெஸ்க் (VESC, அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய திறந்தமூல வகை) கன்ட்ரோலர் இருந்தால் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து ஹால் டிடெக்‌ஷன் ஓட்டுங்கள். வரும் எட்டு எண்களில் முதலும் கடைசியும் 255. மற்ற ஆறையும் ஏறுவரிசையில் எழுதினால் இடைவெளி சுமார் 33 இருக்க வேண்டும் (முழுச் சுற்று 200). ஒன்று 30, அடுத்தது 37 என்று வந்தால், அதே 13 டிகிரி பிழைதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் உதறினால் கன்ட்ரோலர் வகையைக் கவனியுங்கள். சைன் வடிவ மோட்டாரை (சுற்றும்போது வோல்ட்டேஜ் அலைபோல் சீராக ஏறி இறங்குவது) ஆறு படி முறையில் (ஒரு மின் சுற்றில் ஆறு முறை மட்டும் கரன்ட்டை மாற்றுவது) ஓட்டினால், கரன்ட் சீராக இருந்தாலும் டார்க் உச்சத்திலிருந்து 13 சதவீதம் இறங்கி ஏறும், சக்கரச் சுற்றுக்கு 138 முறை. எஃப்.ஓ.சி. (காந்தத்தின் நிலைக்கேற்பக் கரன்ட்டைத் தொடர்ந்து சரிசெய்யும் முறை) கன்ட்ரோலர் போட்டால் இது பெரிதும் அடங்கும். சென்சார் இல்லாத முறையை (வோல்ட்டேஜ், கரன்ட், ரெசிஸ்டன்ஸை வைத்துக் காந்தத்தின் நிலையைக் கணக்கிடுவது) மட்டும் நம்பாதீர்கள்: வேலூர் வெயிலில் காயில் 30-லிருந்து 100 டிகிரிக்குச் சூடேறினால் செம்பின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 26 சதவீதம் கூடும், மெதுவான ஓட்டத்தில் கணக்கு பிசகும்.

சுற்றுக்கு 23 முறை உதறினால் கன்ட்ரோலரில் உள்ள கரன்ட் சென்சாரின் ஆஃப்செட் (கரன்ட் இல்லாதபோதும் அது காட்டும் அளவு) தவறு. மோட்டாரை அசையாமல் நிறுத்திவைத்து அதை மறுபடி அளவிடச் செய்யுங்கள்.